பதினான்காம் எண் எலியும் இடது பக்க விளக்கும்

பிப்ரவரி 6

தம்பி,

என் முதல் இரண்டு கடிதங்களுக்கும் நீ பதில் போடவில்லை. உன்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் அந்தச் சிகிச்சை இல்லத்து வாசலில் இறக்கிவிட்டவள் நான். கோபம் இருக்கத்தான் செய்யும். கோபத்தோடேயே படி, ஆனால் கிழிக்காமல் படி. இன்றைக்கு எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒன்று நடந்தது. பஸ்ஸில் அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்ததில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண்மணி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீ ஒருநாளும் ஒழுங்காகக் கேட்டதில்லை. "எலிக்கு என்னக்கா கஷ்டம், ஓசியில கஞ்சா" என்பாய், நாங்கள் சிரிப்போம், அதோடு சரி. இன்றைக்குக் கேள்.

மூளையின் அடியாழத்தில் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. ஒன்று நமக்குப் பிடித்திருந்தால், 'இது நல்லா இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ' என்று சொல்கிற செல்கள் அங்கே உள்ளன. அவை கண்டபடி கத்தாமல் அடக்கிவைக்க, பக்கத்திலேயே பிரேக் மாதிரி வேறு செல்கள். நான் பார்ப்பது அந்த பிரேக்கை. பிரேக் செல்லுக்கு வந்து சேரும் இணைப்பை ஒரு குறிப்பிட்ட வகையில் தூண்டினால், அது தளரும். தளர்ந்தது அப்படியே நிற்கும். இணைப்புகள் இப்படித் தளர்வதும் இறுகுவதும்தான் கற்றல். எது வேண்டும், எது வேண்டாம் என்று மூளை பழகுவது இப்படித்தான்.

கஞ்சாவில் போதை தரும் பொருளைத் தினமும் ஏற்றிய சுண்டெலிகளில் இந்தத் தளர்வு வருவதில்லை. நாம் தூண்டுகிறோம், இணைப்பு இருந்தது இருந்தபடி இருக்கிறது. ஏன் என்றால், தளர வேண்டியதை எல்லாம் மருந்தே முன்கூட்டித் தளர்த்திவிட்டது என்று நினைக்கிறோம். மேடைக்கு விளக்குப் போடுகிற உன் மொழியில் சொன்னால், விளக்கை மங்கவைக்கும் திருகை யாரோ ஏற்கெனவே கடைசிவரை திருகி வைத்துவிட்டார்கள். நீ மேற்கொண்டு திருகினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது.

இப்போது எங்கள் கேள்வி: மருந்தை நிறுத்திவிட்டுச் சில வாரம் விட்டால், அந்தத் திருகு திரும்பி வருமா?

இதற்காக மூன்று கூட்டம் எலிகள். ஒன்றுக்கு மருந்து கலக்காத வெறும் எண்ணெய். ஒன்றுக்குத் தினமும் மருந்து. ஒன்றுக்குத் தினமும் மருந்து கொடுத்து, பிறகு நிறுத்தி, ஓய்வு. எது எந்தக் கூட்டம் என்று அளக்கிற எனக்குத் தெரியக் கூடாது. எலிக் கூண்டுகளைப் பார்த்துக்கொள்கிறவருக்கு மட்டும் தெரியும். அவர் வாயைத் திறக்கவே மாட்டார் என்பதால் அவருக்கு 'பூட்டு' என்று பெயர்.

இன்றைக்கு வந்தது பதினான்காம் எண். அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, தம்பி. கூண்டின் மூலையில், இரண்டு கையிலும் ஒரு தீனித் துண்டைப் பிடித்துக்கொண்டு, அதைத் தின்ன மறந்து உட்கார்ந்திருந்தது. போன வருஷம் நம் வீட்டுச் சமையலறையில் நீ ரொட்டித் துண்டோடு உட்கார்ந்திருப்பாயே, அதே தோரணை. அப்படியே நீ. மருந்து நிறுத்தியும் மந்தம் போகாத எலி, அதாவது மூன்றாவது கூட்டம் என்று முடிவு கட்டினேன்.

அதன் மூளையைச் சீவிய மெல்லிய வில்லையில் கண்ணாடி ஊசியை இறக்கி, தூண்டி, காத்திருந்தேன். திரையில் கோடு இறங்கியது. இறங்கி, இறங்கியபடியே நின்றது. தளர்வு வந்துவிட்டது! வெளியே இன்னும் மந்தம், உள்ளே எல்லாம் திரும்பிவிட்டது!

ஒரே ஒரு எலிதான், தெரியும். ஆனால் போன மாதம் உன்னைப் பார்க்க வந்தபோது நீ ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நாடகத்தில் அந்த நடிகை படியிலிருந்து விழுந்ததற்குப் பிறகு உன் தலைக்குள் எதுவுமே மிச்சமில்லை என்றாய். இருக்கிறது. வெளியே தெரியாமல் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

அக்கா


பிப்ரவரி 15

அக்கா,

கிழிக்கவில்லை. முதல் இரண்டையும்கூடக் கிழிக்கவில்லை. பதில் போடாததற்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை. எழுத உட்கார்ந்தால் முதல் வரி முடிவதற்குள் என்ன எழுத வந்தேன் என்பது போய்விடும். இந்தக் கடிதம் உன்னதைப் படித்ததும் தானாக வருகிறது. பார், எழுத்துக்கூட நேராக இருக்கிறது.

உன் கடிதத்தை சாயங்காலக் கூட்டத்தில் சத்தமாகப் படித்தேன். இங்கே தினமும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். வழக்கமாக நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு எழுந்து நின்று படித்தேன். என் அறையில் இருக்கும் வக்கீல் உடனே குறுக்கு விசாரணைக்கு எழுந்துவிட்டார். அவர் தூக்க மாத்திரைப் பழக்கத்தை விட வந்தவர். கோர்ட்டுக்குப் போய் நாளாகிவிட்டது, நாக்கு அரிக்கிறது.

"எலி சாட்சி செல்லாதுப்பா. எலிக்கு சத்தியப் பிரமாணம் யார் பண்ணி வச்சா?"

"சார், அது பொய் சொல்லாது சார். மூளையையே எடுத்துப் பார்த்திருக்காங்க."

"மூளைய எடுத்துட்டாங்களா? அப்ப சாட்சி உசுரோட இல்ல. கேஸ் தள்ளுபடி!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் கொஞ்சம் என்னவோ போல் ஆனது. அது செத்துவிட்டது என்பதை நீ எழுதவே இல்லையே, அக்கா. ரொட்டித் துண்டோடு உட்கார்ந்திருந்தது நான்தான் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் மூளை வில்லைக்குப் போய்விட்டாய்!

அது கிடக்கட்டும். அன்று ராத்திரி வெகு நாள் கழித்து நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்ததும் எங்கள் நாடகத்தின் மேடை மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டுவிட்டேன். 'இன்னொரு தடவை சோதித்துப் பாருங்கள், சம்பளம் வேண்டாம், ஒரே ஒரு காட்சி.' அவர் என்னைத் திட்டிக் கதவைச் சாத்திய நாளை மறக்கவில்லை. ஆனாலும் போட்டுவிட்டேன்.

அந்த நாளைப் பற்றி யாரிடமும் சரியாகச் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன். ராணி வேஷம் போட்டவர் உயரமான படிக்கட்டிலிருந்து இறங்கி வர வேண்டும். மேடை முழு இருட்டு. ஆளைத் தொடர்ந்து போகும் என் ஃபாலோ லைட் மட்டும்தான் அவருக்குப் பாதை. என் விளக்கு மேல்படியிலேயே நின்றுவிட்டது. அவர் இருட்டில் மூன்று படி இறங்கி விழுந்தார். கணுக்காலுக்கு மாவுக்கட்டு. என்னைப் பயமுறுத்துவது அது இல்லை. என் விளக்கு அவரோடு கூடவே இறங்கிக்கொண்டிருப்பதாகவே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்ட பிறகும்கூட.

இப்போது தினமும் பயிற்சி. கைவிளக்கை வைத்துக்கொண்டு நடைபாதையில் வக்கீலின் தலையைத் தொடர்வேன். அவர் வேண்டுமென்றே திடீர் திடீரென்று நின்று திரும்புவார். "என்னப்பா, லேட்டு!" என்று கத்துவார். சில நாள் லேட்டே ஆவதில்லை. திருகு திரும்பி வருகிறது, அக்கா! எனக்கே தெரிகிறது!

பதினான்குக்கு என் நன்றியைச் சொல். சொல்ல முடியாது என்று தெரியும், இருந்தாலும்.

தம்பி


பிப்ரவரி 24

தம்பி,

இதை இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பதினான்காம் எண் மருந்து வாங்கிய எலியே இல்லை. வெறும் எண்ணெய்.

எப்படித் தெரிந்தது என்றால், நான் உனக்கு எழுதியதோடு நிறுத்தவில்லை. ஆய்வுக்கூடத்துக் கூட்டத்திலும் கையை ஆட்டிப் பேசிவிட்டேன். பேராசிரியர் அம்மா முழுவதும் கேட்டார். பிறகு, "அது எந்தக் கூட்டம்னு உனக்கு யார் சொன்னா?" என்றார். "யாரும் சொல்லல மேடம். பார்த்தாலே தெரிஞ்சுது" என்றேன். பூட்டு கூரையைப் பார்த்தார்.

"பார்த்தாலே தெரியும்னா நாம எதுக்கு இவ்வளவு பாடுபட்டு மறைச்சு வைக்கிறோம்?" என்று கேட்டார் பேராசிரியர். எலியை இன்னது என்று முடிவு கட்டிவிட்டு அளந்தால், ஊசியைப் பிடிக்கிற கையும் அதற்கேற்ப வேலை செய்யும். நல்ல பதிவை வைத்துக்கொண்டு, பிடிக்காத பதிவை 'செல் சரியில்லை' என்று தள்ளிவிடும். அதனால் பதினான்கை மொத்தக் கணக்கிலிருந்தே நீக்கச் சொன்னார். நீக்குவது என்று ஆன பிறகு பூட்டு வாயைத் திறந்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்: "அது எண்ணெய் எலிம்மா. பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான் உட்கார்ந்திருக்கும்."

வேறு எவரும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள். அந்தக் கூண்டில் உன்னைப் பார்த்தது நான் ஒருத்திதான்.

ஆகவே, திரும்பி வருமா வராதா என்பது எங்களுக்கு இன்னும் தெரியாது. வராது என்றும் தெரியாது. நீ சாயங்காலக் கூட்டத்தில் எழுந்து நின்று படித்தாய் என்று எழுதியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மேலாளருக்குப் போட்ட கடிதத்தை நிறுத்த முடியுமா என்று பார். இல்லாவிட்டால் கொஞ்சம் தள்ளிப்போடு. என் எலியை நம்பி நீ அந்த விளக்குக்குப் பின்னால் போய் நிற்க வேண்டாம். அந்த நடிகை மறுபடியும் விழுந்தால் நீ எழுந்திருக்க மாட்டாய்.

பதினான்கு செத்துவிட்டது. எழுதாமல் விட்டது தப்புதான்.

அக்கா


மார்ச் 5

அக்கா,

உன் கடிதம் வந்த அன்று நான் இஸ்திரி அறையில் இருந்தேன். இங்கே ஆளுக்கு ஒரு வேலை, எனக்கு இஸ்திரி. வக்கீலின் வெள்ளைச் சட்டை பலகையில் இருந்தது. பெட்டியை அதன் மேலேயே வைத்துவிட்டுப் படித்தேன். படித்து முடித்ததும் நேராக வெளிவாசலுக்கு நடந்தேன். அங்கே துணிமூட்டை ஏற்றும் வண்டி நிற்கும். அதன் டிரைவர் சட்டைப்பையில் என்ன வைத்திருக்கிறான் என்பது எனக்கு வந்த முதல் வாரமே தெரியும். மூக்குக்குத் தெரியும். அவன் என்னைப் பார்த்தான், நானும் பார்த்தேன். "என்ன தலைவா, வேணுமா?" என்றான். வாய் திறந்து 'ஆமாம்' சொல்லும் தூரம்தான்.

அப்போது காற்றில் வேறொரு வாசனை வந்தது. துணி கருகுகிற வாசனை.

ஓடினேன், அக்கா. இந்த வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை. சட்டையின் முதுகில் பெட்டி வடிவத்தில் பழுப்பாக ஒரு முத்திரை. வக்கீல் அதைப் போட்டுக்கொண்டு வளையவந்து எல்லோருக்கும் முதுகைக் காட்டினார். "மானநஷ்டம், சொத்து நஷ்டம், ரெண்டு செக்‌ஷன்லயும் உள்ள போற தம்பி." அவரிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்ப அது வெறும் சோம்பேறியா? அடப்பாவி! கஞ்சாவே தொடாம அந்தப் பேரு வாங்கிருக்கு!"

நானும் சிரித்தேன். சிரித்து முடிந்த பிறகுதான் கோபம் வந்தது.

ஒன்று கேட்கிறேன். நான் ரொட்டித் துண்டோடு உட்கார்ந்திருந்த நாளெல்லாம் போதையில்தான் இருந்தேன் என்று உனக்கு யார் சொன்னது? பாதி நாள் ஆமாம். மீதி நாள் எனக்குப் பசியில்லை, அவ்வளவுதான். சின்ன வயதில் கணக்குப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பேனே, அப்போது என்ன பிடித்தேன்? இந்த இரண்டு வருஷத்தில் நான் தும்மினாலும் காரணம் அதுதான், தூங்கினாலும் அதுதான். அம்மா என் சட்டைகளை முகர்ந்து பார்த்துத்தான் துவைக்கப் போடுவாள். நீ முகர மாட்டாய், படித்தவள், என் கண்ணைப் பார்ப்பாய். நீங்கள் யாருமே விடை தெரியாமல் என்னைப் பார்த்ததில்லை.

பேராசிரியர் அம்மா சொன்னதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன். என்னையும் மறைத்து வைத்து அளந்து பார்.

கடிதத்தை நிறுத்த முடியாது, மேலாளரின் பதில் வந்துவிட்டது. ஏப்ரல் மூன்றாம் வாரம் ஒரு காட்சி, சோதனைக்கு. அதே நாடகம், அதே படிக்கட்டு. இந்த முறை மேடைக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஃபாலோ லைட். ஒன்றில் நான், ஒன்றில் புதிதாகச் சேர்ந்தவர். நான் எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டேன். நீ வந்து பார். என்னைப் பார்க்காமல் ஊர் திரும்பு. எந்த விளக்கு எப்படி இருந்தது என்று எழுது. அதற்குப் பிறகு நான் சொல்கிறேன்.

உன் எலியை நம்பிப் போகவில்லை. என்னை நம்பிப் போகிறேன் என்றும் சொல்ல மாட்டேன். போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

தம்பி


மார்ச் 22

தம்பி,

உன் கடிதத்தை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன், முகர்ந்து பார்ப்பதைப் பற்றிய இடம் உட்பட. கையில் இருந்த கீரையை ஆய்ந்து முடித்தாள். பிறகு, "முகந்து பார்த்தது நெசம்தான். இனிமே அவன் துணிய அவனே துவைச்சுக்கட்டும்" என்றாள். கோபமா, மன்னிப்பா என்று தெரியவில்லை. நானும் விடை தெரியாமல் பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

சரி. வருகிறோம், நானும் அம்மாவும். உன் நிபந்தனை எல்லாம் சரி.

இங்கே ஒரு மாற்றம் செய்துவிட்டோம். எலிகள் இருக்கும் அறைப்பக்கமே நான் இப்போது போவதில்லை. பூட்டு ஒரு கிண்ணத்தில் வில்லைகளை மட்டும் கொண்டுவந்து, எண்ணைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆச்சரியம் என்ன தெரியுமா? வேலை முன்னைவிட ருசியாக இருக்கிறது! கோடு இறங்கினாலும் இறங்காவிட்டாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஒரே நாளில் ஒன்று இறங்கியது, அடுத்தது அசையவே இல்லை. யார் எது என்று தெரியாது. வீட்டுக்கு வந்தால் சூதாடிவிட்டு வந்தவள் மாதிரி முகம் சிவந்திருக்கிறதாம், அம்மா சொல்கிறாள்.

அந்த வண்டி டிரைவரைப் பற்றி இல்லத்தில் சொன்னாயா? சொல்லாவிட்டால் சொல்லிவிடு. அடுத்த ஆளுக்கு இஸ்திரிப் பெட்டி இருக்காது.

அக்கா


ஏப்ரல் 12

அக்கா,

சொல்லிவிட்டேன். வண்டி மாறிவிட்டது. நானும் வெளியே வந்துவிட்டேன். கிளம்பும்போது வக்கீல் அந்தக் கருகின சட்டையைப் போட்டுக்கொண்டு வழியனுப்பினார். வழக்கை வாபஸ் வாங்குவதாக இல்லை.

அரங்கத்தின் பின்பக்கம் சாமான் அறையில் ஒரு கட்டில் கொடுத்திருக்கிறார்கள். பழைய எண்கள் எல்லாம் இருக்கும் அந்தப் போனை இப்போதைக்குத் தொட வேண்டாம் என்று இல்லத்தில் சொன்னார்கள். அதனால் கடிதம்தான். எனக்கும் இதுவே பிடித்துவிட்டது.

அக்கா, விளக்கு மேடைக்கு ஏறினேன்! ஏணியில் ஏறி, குனிந்து, அந்தச் சின்னக் கூண்டுக்குள் உட்கார்ந்தேன். அதே சூடு, அதே இரும்பு வாசனை. எல்லாவற்றின் மேலும் ஒரு விரல் தூசி. கைப்பிடியைத் தொட்டதும் தோளுக்குத் தானாக ஞாபகம் வந்தது. முதல் ஒத்திகையில் மூன்று இடத்தில் பிந்தினேன். இரண்டாவதில் ஒன்று. முன்பெல்லாம் எத்தனை பிந்தினேன் என்று யாராவது சொல்ல வேண்டும். இப்போது எனக்கே தெரிகிறது. பிந்தும்போதே வயிற்றில் ஒன்று சொல்கிறது.

ராணி வேஷக்காரரைச் சந்திக்கப் பயந்துகொண்டிருந்தேன். அவரே ஏணிக்குக் கீழே வந்து நின்றார். "வாங்க, இறங்குங்க" என்றார். இறங்கினேன். கணுக்காலைக் காட்டினார். கொஞ்சம் வீக்கம் இன்னும் இருக்கிறது.

"மழை வந்தா வலிக்குது. வலிக்கும்போதெல்லாம் உங்கள நினைச்சுக்கறேன்."

"மன்னிச்சிருங்க மேடம்."

"மன்னிப்பெல்லாம் அப்புறம். படியில ஏதாவது தப்புன்னா வாய தொறந்து சொல்லுவீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

"சொல்லுவேன்" என்றேன். அவர் போய்விட்டார். பயம் போகவில்லை, ஆனால் சந்தோஷமாக இருந்தது. புரிகிறதா?

பின் வரிசையில் நடுவில் உட்காருங்கள், இரண்டு விளக்கும் தெரியும். ராணியை இறக்குவது இடது விளக்கு. தளபதியைத் தொடர்வது வலது. இருவருக்கும் காதில் ஹெட்செட் இருக்கும், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வோம். வேறு எதுவும் சொல்ல மாட்டேன்.

தம்பி


ஏப்ரல் 21

தம்பி,

நாடகம் முடிந்ததும் உன்னைப் பார்க்காமலே ரயில் ஏறிவிட்டோம். அம்மா அரங்கத்து வாசலில் இரண்டு முறை நின்று திரும்பிப் பார்த்தாள். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். இதோ, நான் பார்த்தது.

முதல் பாதியில் இரண்டு விளக்கும் நன்றாகவே இருந்தன. வலது கொஞ்சம் கெட்டி. தளபதி நின்றால் நிற்கும், நடந்தால் நடக்கும். இடது மென்மை; ராணி திரும்பப் போகிறாள் என்றால் அவளுக்குக் கொஞ்சம் முன்பே திரும்பும். இது உன் பழைய பழக்கம் போலவும் இருந்தது, இல்லை போலவும் இருந்தது.

பிறகு படிக்கட்டு. மேடை இருண்டது. இடது விளக்கு ராணியை மேல்படியில் பிடித்தது. ஒரு படி இறங்கினாள், விளக்கும் இறங்கியது. இரண்டாவது படியில் விளக்கு ஒரு முறை குலுங்கி, அங்கேயே நின்றுவிட்டது. அம்மா என் முழங்கையைப் பிடித்தாள், நகம் பதிந்துவிட்டது. ராணியின் கால் அந்தரத்தில். அது கீழே போவதற்குள் வலது விளக்கு தளபதியை இருட்டில் விட்டுவிட்டு, மேடையின் குறுக்கே ஒரே வீச்சில் பாய்ந்து வந்து அவளைப் பிடித்தது. கால் படியில் இறங்கியது. கடைசிப் படிவரை அவளை அதுதான் கொண்டுவந்து சேர்த்தது. மக்கள் அது நாடகத்தில் இருப்பது என்று நினைத்துக் கைதட்டினார்கள். நான் அழுதுகொண்டே கைதட்டினேன்.

வலதுதான் நீ. எனக்குச் சந்தேகமே இல்லை. போன வருஷம் அவளை விட்டவன் இந்த வருஷம் பாய்ந்து பிடித்தாய்! அம்மாவிடம் சொன்னேன்.

எழுது. சீக்கிரம் எழுது.

அக்கா


ஏப்ரல் 27

அக்கா,

'எனக்குச் சந்தேகமே இல்லை.' பதினான்காம் எண் எலி இதைக் கேட்டால் சிரிக்கும்.

நான் இடது. குலுங்கி நின்ற விளக்கு நான்தான்.

இப்போது உன் முகம் எப்படி மாறியிருக்கும் என்று இங்கிருந்தே தெரிகிறது. அதை அப்படியே வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படி.

அது தும்மல். அந்தக் கூண்டின் தூசி. மேல்படியிலேயே மூக்கில் ஏறிவிட்டது, அடக்கினேன், அடங்கவில்லை. கண் மூடிக்கொள்வதற்குச் சற்று முன்னால் தெரிந்துவிட்டது, நான் அவரை விடப்போகிறேன் என்று. ஹெட்செட்டில் "ரைட்டு, ராணிய எடு!" என்று கத்தினேன். கத்திவிட்டுத்தான் தும்மினேன். புதியவர் ஏன் என்று கேட்கவில்லை, எடுத்துவிட்டார். அபாரமான கை அவருக்கு. நீ அழுதுகொண்டு கைதட்டியதை அவரிடம் சொன்னேன், பூரித்துப்போனார்.

போன முறை விளக்கு நின்றது, எனக்குத் தெரியவில்லை. இந்த முறையும் நின்றது. நிற்பதற்கு முன்பே தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் என் மண்டைக்குள் என்ன இறுகியது, என்ன தளர்ந்தது என்று எனக்குத் தெரியாது. அதை நீ பார்த்துக்கொள்.

மேலாளர் இரண்டு பேரையும் அழைத்தார். "யாருடா தும்முனது?" என்றார். கையைத் தூக்கினேன். ராணி வேஷக்காரர் முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டே, "சொன்னாருல்ல, விடுங்க" என்றார். "லேட்டாகாத ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. லேட்டுன்னு சொல்ற ஆளத்தான் தேடிக்கிட்டிருக்கேன்" என்றார் மேலாளர். அடுத்த மாதத்திலிருந்து சம்பளம்.

இப்போது உன் முறை. கண்ணைப் பார்க்க முடியாது, சட்டையை முகர முடியாது. தும்மல் என்று நான் எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான் உன்னிடம் இருக்கிறது. நம்புவாயா?

தம்பி


மே 9

தம்பி,

முதல் முறை படித்தபோது நம்பவில்லை. பொய் சொல்ல விரும்பவில்லை, அதனால் இதை முதலில் எழுதுகிறேன். 'தும்மலா, நல்ல கதை' என்றுதான் மனம் போயிற்று. பிறகு அந்த இரவை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தேன். விளக்கு முதலில் குலுங்கியது, பிறகுதான் நின்றது. போதையில் மறந்தவன் விளக்கு ஏன் குலுங்கப் போகிறது? அதை என் கண்ணாலேயே பார்த்து, என் கையாலேயே உனக்கு எழுதியும் இருக்கிறேன். எழுதிவிட்டு வேறு முடிவுக்குப் போயிருக்கிறேன்.

நம்புகிறேன். ஆனால் உன் கதை இந்த வீட்டில் உண்மை என்று நின்றது என்னால் இல்லை. கடிதத்தை அம்மாவுக்குப் படித்தேன். தும்மல் என்ற இடம் வந்ததும் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவனுக்குப் பொறந்ததுலேர்ந்தே தூசி ஆகாதேடி! பாய உதறினா பதினஞ்சு தும்மல் போடுவானே! இதக்கூட மறந்துட்டு நீ எலிய வச்சு என்ன ஆராய்ச்சி பண்ற?"

இரண்டு பேருமே மறந்திருந்தோம். 'நீயும்தானே மறந்த' என்று நான் சொன்னதும் அவளே உட்கார்ந்துவிட்டாள்.

இங்கே போன வாரம் பூட்டு வாயைத் திறந்தார். எல்லா எலிகளையும் அளந்து முடித்தாயிற்று. அறையில் எல்லோரும் நின்றுகொண்டே கேட்டோம், யாருக்கும் உட்காரத் தோன்றவில்லை. அவர் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொல்ல, பேராசிரியர் அம்மா திரையில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். தினமும் மருந்து போன எலிகளில் தளர்வு இல்லை. மருந்தை நிறுத்தி ஓய்வு கொடுத்தவற்றில் பெரும்பாலானவற்றில் தளர்வு வந்திருக்கிறது! பேராசிரியர் தன் வயதை மறந்து மேஜையைத் தட்டினார். பூட்டு சிரித்தார், அவருக்குப் பல் வரிசை அவ்வளவு அழகு என்று யாருக்கும் தெரியாது.

சிலவற்றில் வரவே இல்லை. ஏன் என்று தெரியவில்லை, தெரியவில்லை என்றே எழுதப் போகிறோம். இவை எலிகள், கொஞ்சம் எலிகள், ஒரு கூடத்து எலிகள். வேறு யாராவது செய்து பார்த்து வேறு விதமாகவும் வரலாம். நீ இவற்றில் எந்தக் கூட்டம் என்று நான் யோசிக்கப் போவதில்லை. அந்த யோசனை ஒருமுறை போதும்.

இதோடு அனுப்பும் பொட்டலத்தில் மூக்கை மூடிக் கட்டிக்கொள்ளும் துணிகள் இருக்கின்றன. அம்மா தைத்தது, அதனால்தான் தையல் கொஞ்சம் கோணல். நீயே துவைத்துக்கொள்ள வேண்டுமாம், மறக்காமல் எழுதச் சொன்னாள். உள்ளே இன்னொரு வெள்ளைச் சட்டையும் இருக்கிறது. அது உனக்கு இல்லை, வக்கீலுக்கு.

அடுத்த காட்சிக்கு எங்களுக்கு இரண்டு சீட்டு எடுத்து வை, இந்த முறை முன் வரிசையில். நீ எந்தப் பக்கம் என்று சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. போன தடவை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்ததில் அந்த ராணி ஏன் படியிறங்கி வந்தாள் என்பதுகூட எனக்குத் தெரியாது. இந்தத் தடவை நாடகம் பார்க்க வேண்டும்.

அக்கா